குண்டர் கும்பல்களும் நம் பிள்ளைகளும்

 

இம்மாதப் பாடத்திற்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது இனிமையான விஷயமன்று. பள்ளிவாசல் தாழ்வாரத்திலும் கல்யாண வீட்டுப் பந்தலிலும் நம்மவர் தணிந்த குரலில் பேசி, அந்நியர் ஒருவர் அருகே வந்ததும் பேச்சை மாற்றிவிடுகிற விஷயம் இது. குண்டர் கும்பல்களுக்கு இரையாகிற பிள்ளைகளைப் பற்றியும், அவர்களை மீட்பதில் ஒரு ஜமாஅத்துக்கும் ஒரு சங்கத்துக்கும் உள்ள கடமையைப் பற்றியும் இங்கே ஆராய்வோம்.

1. கணக்கும் அதைப் படிக்கும் முறையும்

2013ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மலேசிய உள்துறை அமைச்சு 49 கும்பல்களைச் சட்டவிரோதமானவை என்று பெயர் குறித்து அறிவித்தது. அவற்றில் 40,313 பேர் இருப்பதாக அன்று கணக்குக் கூறப்பட்டது. அவர்களில் இந்தியர் 28,926 பேர். சீனர் 8,214 பேர். மலாய்க்காரர் 1,923 பேர். எஞ்சியோர் சபா, சரவாக் மாநிலங்களைச் சேர்ந்தோர். நாட்டு மக்களில் நூற்றுக்கு ஏழு பேரளவே உள்ள ஓர் இனம், கும்பல்களில் நூற்றுக்கு எழுபத்தொரு பேருக்கு மேல் இருந்தது என்பது இதன் பொருள்.

இந்தக் கணக்கைக் கண்டு, 'இவர்களெல்லாம் தோட்டத்துப் பிள்ளைகள்; நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்போர் நம்மில் உண்டு. இது சரியான கேள்வியன்று. பதிவேட்டில் நம்மவரில் சிலர் இந்தியர் என்றும் சிலர் மலாய்க்காரர் என்றும் எழுதப்பட்டிருக்கிறோம். ஆகவே அந்தக் கணக்கின் எந்தக் கட்டத்திலும் நம் பிள்ளை இல்லை என்று உறுதி சொல்ல நம்மால் இயலாது. அன்றியும், அண்டை வீட்டுப் பிள்ளை தீயில் விழுந்தால் அவன் எந்த மதத்தான் என்று விசாரித்துவிட்டுத்தான் தூக்குவோமா?

'அது அவர்கள் இரத்தத்தில் ஊறியது' என்று சொல்லுவோரும் உண்டு. அதுவும் தவறு. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டும், வீடமைப்புக்கும் நகர வளர்ச்சிக்கும் எடுக்கப்பட்டும் வந்த ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளிக்கு வேலை போயிற்று. வேலையோடு லயத்து வீடும் போயிற்று. பள்ளிக்கூடம், திடல், கோயில், நல்லது கெட்டது சொல்லும் பெரியவர் ஆகிய யாவும் கூடவே போயின. பட்டணத்து மலிவு விலை அடுக்குமாடியில் குடியேறிய அந்தச் சிறுவனை அங்கே யாருக்கும் தெரியாது. 'தம்பி, உன் பெயர் என்ன? சாப்பிட்டாயா?' என்று முதலில் கேட்டவன் பல இடங்களில் கும்பல்காரனாகவே இருந்தான். இரத்தத்தில் குற்றமில்லை, கேட்க வேண்டியவர்கள் கேட்காமல் இருந்துவிட்டோம் என்பதே உண்மை.

2. பினாங்கு தந்த பாடம்

முஸ்லிம்களாகிய நமக்கு இந்த வியாதி புதிதன்று என்பதற்குப் பினாங்குச் சரித்திரமே சாட்சி. 19ஆம் நூற்றாண்டில் அத்தீவில் வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடி என்று இரண்டு கூட்டங்கள் இருந்தன. மலாய்க்காரரும், ஜாவி பெக்கான் எனப்பட்டோரும், நம் தமிழ் முஸ்லிம்களும் அவற்றில் அங்கத்தினராயிருந்தார்கள். முஹர்ரம் ஊர்வலங்களை ஒட்டியும், கல்யாணம், மௌத்துப் போன்ற காரியங்களில் ஒருவருக்கொருவர் கை கொடுப்பதற்கும் கூடிய கூட்டங்களே அவை. தொடக்கத்தில் அவற்றில் பெரிய குற்றம் காண முடியாது.

ஆனால் நடந்தது என்ன? வெள்ளைக் கொடியார் கீ ஹின் என்ற சீன இரகசியச் சங்கத்தோடு சேர்ந்தனர். சிவப்புக் கொடியார் தோ பே கொங் என்ற எதிர்ச் சங்கத்தோடு சேர்ந்தனர். 1867ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜார்ஜ் டவுனில் மூண்ட கலகம் சுமார் பத்து நாட்கள் நீடித்தது. முஸ்லிமும் சீனரும் ஓரணியாகவும், முஸ்லிமும் சீனரும் மற்றோரணியாகவும் நின்று வெட்டிக்கொண்டார்கள். ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள் கொடியின் நிறத்தைப் பார்த்து ஒருவரையொருவர் தாக்கினார்கள். அச்சே வீதிப் பள்ளிவாசலின் மினாராவில் இன்றும் தெரிகிற வட்டமான துவாரம் அக்கலகத்தில் பீரங்கிக் குண்டு பாய்ந்தது என்று ஊரார் சொல்லுவார்கள்.

பின்னர் சர்க்கார் விசாரணைக் குழு அமைத்தது. 1869இல் சங்கங்களைப் பதிவு செய்யச் சட்டம் பிறந்தது. 1890இல் இரகசியச் சங்கங்கள் முற்றாகத் தடை செய்யப்பட்டன. ஆயினும் அவை தலைமறைவாயினவே அன்றி ஒழிந்துபோகவில்லை. இதிலிருந்து நாம் பெறும் பாடங்கள் இரண்டு. முதலாவது, உதவிக்கென்று கூடிய கூட்டமும், 'நம்மவன் செய்தால் சரி' என்ற நிலைக்கு வந்துவிட்டால் கும்பலாக மாறிவிடும். இரண்டாவது, சட்டம் கும்பலைக் கலைக்கலாம். ஆனால் கும்பல் கொடுத்து வந்த துணையை வேறு யாரும் கொடுக்காவிட்டால், கலைந்தது மீண்டும் கூடும்.

3. ஜாஹிலிய்யாவின் பழைய குரல்

அரபு நாட்டின் அறியாமைக் காலத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு பெண் ஒட்டகம் கொல்லப்பட்டதை முன்னிட்டுப் பக்ர், தக்லிப் என்ற இரு கோத்திரங்கள் நாற்பதாண்டுகள் போரிட்டன என்பது வரலாற்று மரபு. மதீனாவில் அவ்ஸ், கஸ்ரஜ் கோத்திரத்தார் ஹிஜ்ரத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை புஆஸ் போர்க்களத்தில் தங்கள் தலைவர்களையே பலி கொடுத்துக் கொண்டிருந்தார்கள். பழி, பழிக்குப் பழி, அதற்கும் பழி என்பதே அக்கால நியாயம்.

இது பழங்கதை என்று எண்ணாதீர்கள். சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பாசிர் ரிஸ் வட்டாரத்து உல்லாச நிலையமொன்றில் 19 வயது மாணவன் ஒருவன் இளைஞர் கும்பலொன்றால் வெட்டப்பட்டு இறந்தான். சச்சரவு எதில் தொடங்கியது தெரியுமா? முறைத்துப் பார்த்ததில்! ஒட்டகத்திற்காவது ஒரு விலை உண்டு. ஒரு பார்வைக்கு என்ன விலை?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இந்த நோயின் வேரைக் கண்டு அதற்குப் பெயரும் சொன்னார்கள். அதுவே 'அஸபிய்யத்'. அஃது என்னவென்று கேட்கப்பட்டபோது, ஒருவன் தன் கூட்டத்தார் செய்யும் அநியாயத்துக்குத் துணை போவதே அது என்னும் கருத்துப்பட விளக்கினார்கள். ஒரு பயணத்தில் முஹாஜிர் ஒருவரும் அன்ஸாரி ஒருவரும் சண்டையிட்டு, ஒருவர் 'முஹாஜிர்களே!' என்றும் மற்றவர் 'அன்ஸார்களே!' என்றும் தத்தம் கூட்டத்தாரைக் கூவி அழைத்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஜாஹிலிய்யத்தின் கூப்பாடு என்று கடிந்து, நாற்றமெடுத்த அதை விட்டொழிக்கும்படி கூறினார்கள். முஹாஜிர், அன்ஸார் என்பன திருமறையே சிறப்பித்த பெயர்கள். அத்தகைய பெயர்களும் கட்சி கட்டப் பயன்பட்டால் நாற்றமடிக்கும் என்றால், எண்களைப் பெயராகச் சூட்டிக்கொண்டு திரியும் இன்றைய கும்பல்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

கும்பலின் வேதம் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும்: 'அண்ணன் கூப்பிட்டால் காரணம் கேட்காமல் போக வேண்டும்.' இதற்கு நேர் எதிரானது நபிமொழி. அநியாயத்துக்கு ஆளான சகோதரனுக்கு மட்டுமன்றி, அநியாயம் செய்கிற சகோதரனுக்கும் உதவுங்கள் என்று அன்னார் கூறினார்கள். அநியாயக்காரனுக்கு எப்படி உதவுவது என்று தோழர்கள் திகைத்துக் கேட்டபோது, அவனை அதிலிருந்து தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கினார்கள். சகோதரத்துவத்தை நாயகம் (ஸல்) அவர்கள் நீக்கவில்லை. அதன் திசையைத் திருப்பினார்கள். நாமும் பிள்ளையிடம் 'நண்பர்களை விட்டுவிடு' என்று மட்டும் சொன்னால் போதாது. உண்மையான நண்பன் எப்படி நடந்துகொள்வான் என்பதைக் காட்ட வேண்டும்.

4. பிள்ளை வலையில் விழும் விதம்

எந்தப் பிள்ளையும் ஒரே நாளில் அரிவாள் எடுப்பதில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பள்ளியில் அவனை யாரோ அடிக்கிறார்கள். ஒருவன் வந்து காப்பாற்றுகிறான். அடுத்து ஒரு நாள் சாப்பாடு வாங்கித் தருகிறான். மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்கிறான். பிறகு ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, 'இதைக் கொண்டுபோய் இன்னாரிடம் கொடு' என்கிறான். அதில் என்ன இருக்கிறது என்று பையன் கேட்பதில்லை. அதன்பின் அவன் கையிலும் ஒரு குற்றம் ஒட்டிக்கொள்கிறது, வெளியேற அஞ்சுகிறான். தைக்கோ என்று அழைக்கப்படுகிற தலைவன் சிறைக்குப் போவது அரிது. பொட்டலம் சுமந்த பையனே பிடிபடுகிறான்.

சட்டம் கடுமையானது என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். மலேசியாவில் 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்படி, சட்டவிரோதச் சங்கத்தில் அங்கத்தினராயிருப்பதே மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். தண்டனைச் சட்டத்தின் 130V பிரிவின்படி, திட்டமிட்ட குற்றக் கூட்டத்தில் அங்கம் வகிப்போருக்கு ஐந்தாண்டுக்குக் குறையாமலும் இருபதாண்டுக்கு மேற்படாமலும் சிறை விதிக்கப்படும். 'நான் யாரையும் அடிக்கவில்லை, கூட நின்றேன்' என்பது அங்கே பதிலாகாது.

நம் சமூகத்தில் ஒரு தனிக் குறையும் உண்டு. பிள்ளை குர்ஆன் ஓதி முடித்தான் என்று விருந்து வைத்து மகிழ்கிறோம். அப்போது அவனுக்கு வயது பன்னிரண்டு இருக்கும். அதற்குப்பின் அவனைப் பள்ளிவாசல் தேடுவது அவன் நிக்காஹ் நாளில்தான்! நடுவிலுள்ள அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளை நாம் காலியாக விட்டு வைத்திருக்கிறோம். நாம் காலி செய்த இடத்தில்தான் கும்பல் குடியேறுகிறது.

5. பயன் தராத வழியும் பயன் தந்த வழியும்

பிள்ளை தவறினான் என்று தெரிந்ததும் நம்மவர் கையாளும் வழிகள் மூன்று: அடிப்பது, ஊருக்கு அனுப்பிவிடுவது, அச்சுறுத்துவது. அடிபட்டவன் வீட்டை விட்டு ஓடுகிறான். ஓடினவனை ஏற்றுக்கொள்ளக் கும்பல் காத்திருக்கிறது. ஊருக்கு அனுப்பப்பட்டவன் திரும்பி வரும்போது பழைய நண்பர்களைத் தவிர வேறு யாரும் அவனுக்கு இருப்பதில்லை. அச்சுறுத்தலின் பலனையோ ஆராய்ச்சியே காட்டியிருக்கிறது. அமெரிக்காவில் இளைஞர்களைச் சிறைச்சாலைக்குக் கூட்டிச் சென்று, கைதிகளைக் கொண்டு மிரட்டித் திருத்தும் முறை 1970களில் பரவிற்று. பின்னாளில் அறிஞர்கள் சோதித்துப் பார்த்தபோது, அப்படி மிரட்டப்பட்டவர்கள் மிரட்டப்படாதவர்களைக் காட்டிலும் அதிகமாகக் குற்றம் செய்தது தெரிய வந்தது.

பயன் தந்த வழிக்கும் அந்நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. பாஸ்டன் நகரில் 1992ஆம் ஆண்டு, கொலையுண்ட ஒரு வாலிபனின் இறுதிப் பிரார்த்தனை நடந்துகொண்டிருந்த தேவாலயத்துக்குள்ளேயே கும்பலார் புகுந்து ஒருவனைத் தாக்கினர். இறை இல்லத்துக்குள்ளேயே வந்துவிட்டார்களே என்று அங்குள்ள கறுப்பின மத குருமார் கதவைப் பூட்டிக்கொள்ளவில்லை. இரவில் தெருவுக்கு இறங்கி நடந்தார்கள்; பையன்களின் பெயர்களைக் கற்றுக்கொண்டார்கள். 1996 முதல் போலீசாரும் சமூக ஊழியரும் அவர்களுடன் சேர்ந்து கும்பல்களை நேரில் அழைத்து, 'கொலையை நிறுத்தாவிட்டால் முழுக் கூட்டமும் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். நிறுத்த விரும்புகிறவனுக்கு வேலையும் உதவியும் இதோ' என்று இரண்டையும் ஒருங்கே கூறினார்கள். இம்முயற்சிக்குப்பின் அந்நகரில் மாதந்தோறும் கொல்லப்பட்ட இளைஞர் தொகை நூற்றுக்கு 63 பங்கு குறைந்ததாக ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர்.

சிங்கப்பூரிலும் 1997 முதல், கும்பல்களோடு தொடர்பு ஏற்படத் தொடங்கிய இளைஞர்களைக் குடும்பத்தோடு சேர்த்து ஆறு மாதங்கள் வழிநடத்தும் 'ஸ்டிரீட்வைஸ்' திட்டம் வைக்கப்பட்டது. பாஸ்டன், சிங்கப்பூர் ஆகிய இரண்டிலும் உள்ள பொதுவான அம்சம் இதுதான்: கண்டிப்பும் அரவணைப்பும் ஒரே கையிலிருந்து வருகின்றன.

6. நாம் செய்யத் தக்கவை

ஒன்று: காலியான ஆண்டுகளை நிரப்புதல். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் ஒவ்வொரு சங்கத்திடமும் இருக்க வேண்டும். பாட வகுப்பு, பந்தாட்டம், சிலம்பம் எதுவாயினும் சரி. வாரம் ஒரு முறையாவது ஒரு பெரியவர் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். இரண்டு வாரம் வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒருவர் போய் வர வேண்டும்.

இரண்டு: கடைக்காரர் கண் திறந்திருத்தல். நம்மவர் நடத்தும் நாசி கண்டார் கடைகள் பல இரவெல்லாம் திறந்திருக்கின்றன. நள்ளிரவில் பள்ளிச் சீருடை வயதுப் பையன்கள் யாரோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நம் முதலாளிகளைப் போல அறிந்தவர் எவர்? பையனின் தகப்பனாருக்கு ஒரு வார்த்தை சொல்வது கோள் அன்று, அமானிதம். பாதுகாப்புப் பணம் கேட்டு வருவோருக்குத் தனியே பயந்து கொடுக்கிற கடைக்காரர்கள், ஒரே தெருவில் உள்ள எல்லோரும் சேர்ந்து போலீசில் புகார் செய்தால் பயம் பாதியாகும். கொடுக்கிற ஒவ்வொரு வெள்ளியும் இன்னொருவர் பிள்ளையை வாங்கும் முதலாகிறது.

மூன்று: வேலை கொடுத்தல். படிப்பில் தோற்ற பையனைத் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்க்கவும், கடையிலோ பட்டறையிலோ பழக்கவும் ஒவ்வொரு வியாபாரியும் ஆண்டுக்கு ஒருவனை ஏற்றுக்கொள்ளட்டும். சம்பளத்தை ஒழுங்காகக் கொடுங்கள். உழைப்பை ஏய்த்து வாங்கும் முதலாளியைக் காட்டிலும் கும்பல் தலைவன் மேல் என்று பிள்ளை நினைத்துவிட்டால் அந்தப் பாவத்தில் நமக்கும் பங்குண்டு.

நான்கு: பழிவாங்குதலைத் தடுத்தல். ஒருவன் வெட்டுப்பட்ட அடுத்த சில இரவுகளே மிக ஆபத்தானவை. மருத்துவமனைக்கும் ஜனாஸா வீட்டுக்கும் இமாமும் பெரியவர்களும் உடனே போக வேண்டும். மௌத்தானவனின் தம்பிமாரோடு உட்கார்ந்திருக்க வேண்டும். நாயகம் (ஸல்) அவர்கள் இறுதி ஹஜ்ஜில் ஜாஹிலிய்யத்தின் இரத்தப் பழிகளை ரத்துச் செய்தபோது, முதலில் தம் குடும்பத்தாருக்கு வர வேண்டியிருந்த பழியையே ரத்துச் செய்தார்கள். இழந்த வீட்டாரிடமிருந்தே சமாதானம் தொடங்கக் கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஐந்து: திரும்பி வருகிறவனுக்கு வாசல் திறத்தல். இதுவே யாவற்றிலும் கடினம். தடுப்புக் காவலிலிருந்து வந்த பையன் ஜும்ஆவுக்கு வந்தால் பக்கத்தில் இருப்பவர் ஒதுங்கி உட்காருகிறார். கல்யாணத்துக்கு அவன் வீட்டாரை அழைப்பதில்லை. அவன் கேட்ட இடத்தில் வேலை இல்லை. ஆனால் அவனைக் கண்டதும் எழுந்து கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு. அது எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. அவனுக்கு வழக்கறிஞர் தேடித் தருவதற்கும், கும்பலிடம் பட்ட கடனைத் தீர்ப்பதற்கும், வேறு ஊரில் வேலை பார்த்துத் தருவதற்கும் மூவர் கொண்ட ஒரு குழுவைச் சங்கம் அமைக்கலாம். குற்றத்தை மறைக்க உதவுவதன்று இது. குற்றத்துக்குப் பதில் சொல்லிவிட்டு மனிதனாக வாழ உதவுவது. ஓர் உயிரை வாழ வைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழ வைத்தவரைப் போன்றவர் என்பது திருமறையின் 5ஆம் அத்தியாயம் 32ஆம் வசனம் தரும் போதனை. அந்த உயிர் நல்ல பையனுடையதாய் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை.

ஆறு: பெரியவர்கள் தம்மைத் திருத்திக்கொள்ளுதல். ஊர்ப் பெயரால் சங்கம் வைத்து, நிர்வாகத் தேர்தலில் கட்சி பிரிந்து, தொழுகை முடிந்ததும் ஸலாம்கூடச் சொல்லாமல் போகிற பெரியவர்களைப் பிள்ளைகள் பார்த்துக் கொண்டுதான் இருக்கிறார்கள். 'நம் ஆள்' என்பதற்காக அநியாயத்தை ஆதரிக்கிற தகப்பனார் வீட்டில் கும்பலின் முதல் பாடம் இலவசமாக நடந்துவிடுகிறது.

7. சிந்தனைக்கு

குடும்பத்தோடு அமர்ந்து இக்கேள்விகளுக்கு விடை காணுங்கள்.

நம் பிள்ளையின் நெருங்கிய நண்பர்கள் மூவரின் பெயர் நமக்குத் தெரியுமா? அவனுக்குப் பள்ளியில் அடி விழுந்தால் முதலில் யாரிடம் சொல்லுவான், நம்மிடமா, வேறொரு 'அண்ணனிடமா'? நம் தெருவில் இன்று பள்ளிக்குப் போகாத பிள்ளை யார்? சிறையிலிருந்து திரும்பிய ஒருவன் நாளை நம் கடையில் வேலை கேட்டால் என்ன பதில் சொல்லுவோம்?

நான்காவது கேள்விக்கு நாம் சொல்லும் பதிலைப் பொறுத்தே மற்ற மூன்றும் பயன் தரும். கும்பல் பிள்ளைக்குத் தருவன ஒரு பெயர், ஒரு துணை, ஒரு வேலை, அவன் வந்தால் எழுந்து நிற்கிற ஒரு கூட்டம். இவற்றில் எதையும் ஜமாஅத்தால் தர முடியாதென்று சொல்ல இயலுமா? கும்பல் இவற்றைக் கொடுத்துவிட்டு அவன் உயிரை விலையாகக் கேட்கிறது. நாமோ விலையின்றிக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பழியிலிருந்தும் இரத்தத்திலிருந்தும் காப்பானாக! வழி தவறியவர்களை நம் கையாலேயே வீடு சேர்ப்பானாக! ஆமீன்.